கால் குடைச்சலும் சிபாப் மெஷினும்: மருந்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறட்டைக்காகத் தூக்கப் பரிசோதனை செய்து, தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் 'மூச்சுத்தடை' இருப்பது தெரிந்து, காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்துவைக்கும் சிபாப் மெஷின் வாங்கி, முகமூடியையும் ஒருவழியாகப் பழகிக்கொண்ட பிறகு சிலர் வேறொரு புகாரோடு வருவார்கள்: "மூச்சு பரவாயில்லை, கால்தான் தூங்க விடமாட்டேன் என்கிறது." அது கால் குடைச்சல் (ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்) என்ற நோயாக இருக்கலாம். இந்தப் பக்கம் அவர்களுக்கானது. இங்கே தரப்பட்டுள்ள மருந்தளவுகள் பெரியவர்களுக்கானவை. மருத்துவர் எழுதித்தந்த சீட்டைப் புரிந்துகொள்ளத்தான் இவை, அதைத் திருத்திக்கொள்ள அல்ல.

எனக்கு இருப்பது அந்தக் கால் நோய்தானா, வெறும் நரம்பு இழுப்பா?

நான்கு அடையாளங்கள் சேர்ந்திருக்க வேண்டும். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல். பூச்சி ஊர்வது, உள்ளே குடைவது, எலும்புக்குள் அரிப்பது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். உட்கார்ந்தால், படுத்தால் அது கூடும். எழுந்து நடந்தால், குறைந்தது நடக்கும் வரையாவது, அடங்கும். மாலையிலும் இரவிலும்தான் வரும், விடியற்காலையில் பெரும்பாலும் இருக்காது. பேரனைக் கூப்பிட்டுக் காலில் ஏறி மிதிக்கச் சொல்வதும், கெண்டைக்காலில் துண்டை இறுக்கிக் கட்டுவதும் நம் வீடுகளில் பழைய வழக்கம். அந்த வீடுகளில் பலருக்கு இருந்தது இதுவாகத்தான் இருக்கும்.

கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்தால் அது தசைப்பிடிப்பு. பாதம் நாள் முழுக்க எரிந்தால், மரத்தால் சர்க்கரை நோயின் நரம்பு பாதிப்பு. சாயங்காலம் கால் கனத்து வீங்கினால் ரத்தநாளக் கோளாறு. மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. இந்த நோயைச் சுவீடன் நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்ஸல் எக்பாம் 1945-இல் விரிவாக விவரித்தார். அதனால் வில்லிஸ்-எக்பாம் நோய் என்றும் சீட்டில் எழுதியிருக்கலாம்.

தூக்கப் பரிசோதனை அறிக்கையில் 'பிஎல்எம்' என்று ஓர் எண் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. கால் குடைச்சல் விழித்திருக்கும்போது நீங்கள் உணர்வது. பிஎல்எம் என்பது தூக்கத்தில் உங்களுக்கே தெரியாமல் கால் வெட்டுவது. ஒவ்வொரு வெட்டும் அரை நொடியிலிருந்து 10 நொடி வரை நீளும். 5 முதல் 90 நொடி இடைவெளியில் குறைந்தது நான்காவது தொடர்ந்து வந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். குடைச்சல் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு இதுவும் இருக்கும். மறுபக்கம், இந்த எண் மட்டும் கூடுதலாக இருந்து, குடைச்சலே இல்லாதவர்களும் ஏராளம். மணிக்கு 15-ஐத் தாண்டினால்தான் பெரியவர்களில் அதைப் பொருட்படுத்துவார்கள். அப்போதும் எண்ணுக்காக மட்டும் மாத்திரை தொடங்குவதில்லை.

இன்னொன்று. மூச்சுத்தடை ஒவ்வொன்றும் முடிந்து மூச்சு திரும்பும் கணத்திலும் கால் உதறும். அது மூச்சுத்தடையின் வால். சிபாப் போட்டதும் அது போய்விடும். மெஷினோடு செய்த இரண்டாவது இரவுப் பரிசோதனையிலும் கால் வெட்டு தொடர்ந்தால்தான் அது தனி விவகாரம். முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத் தசையில் மின்முனை ஒட்டாத வீட்டுப் பரிசோதனையில் கால் அசைவு பதிவாகவே ஆகாது. "அறிக்கையில் காலைப் பற்றி ஒன்றுமில்லையே" என்று சொல்வதற்கு முன் அது எந்தப் பரிசோதனை என்று பாருங்கள்.

அப்படியானால் சிபாப் போட்டாலே கால் சரியாகிவிடுமா?

சிலருக்கு நன்றாகவே குறையும். தூக்கம் துண்டு துண்டாவது குடைச்சலைத் தூண்டும் காரணிகளில் ஒன்று. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்துக்கு முன் சரிசெய்ய வேண்டியவற்றில் சிகிச்சை பெறாத மூச்சுத்தடையையும் சேர்த்திருக்கிறது. ஆனால் "முதலில் ஆறு மாதம் மெஷினைப் போடுங்கள், காலை அப்புறம் பார்க்கலாம்" என்பது நடைமுறைக்கு உதவாத யோசனை. கால் படுக்கையிலிருந்து எழுப்பிக்கொண்டே இருந்தால் முகமூடி எப்படி முகத்தில் நிற்கும்? இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கலாம். தொடங்குவது மாத்திரையோடு அல்ல, ரத்தப் பரிசோதனையோடு.

மெஷின் திரையில் ஏஹெச்ஐ 2 என்று காட்டுகிறது. ஆனாலும் பகலெல்லாம் சோர்வு. ஏன்?

மெஷினுக்குக் கால் தெரியாது. அதற்குத் தெரிவது குழாயில் ஓடும் காற்று மட்டும். நீங்கள் தூங்குகிறீர்களா, விழித்துக்கிடக்கிறீர்களா என்பதும் அதற்குத் தெரியாது. ஏஹெச்ஐ என்பது மணிக்கு எத்தனை மூச்சுத்தடை என்ற சராசரி. மெஷின் வகுப்பது முகமூடி போட்டிருந்த மணிகளால். முகமூடியோடு இரண்டு மணி நேரம் காலை ஆட்டிக்கொண்டு விழித்துக்கிடந்தால் அந்த நேரமும் வகுக்கும் எண்ணில் சேர்ந்து, சராசரி அழகாகத் தெரியும். எதிர்மாறாகவும் நடக்கும். புரண்டு படுக்கும்போது மூச்சைப் பிடித்து விடுவதை மெஷின் 'மைய மூச்சுநிறுத்தம்' (மூளையே மூச்சுவிடச் சொல்லாமல் விடுவது) என்று எழுதிவிடும்.

அதனால் ஏஹெச்ஐ-யோடு இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, பயன்பாட்டு மணிகள் எப்படி உடைந்திருக்கின்றன என்பது. 11 மணிக்குப் போட்டு 11.40-க்குக் கழற்றி, 12.15-க்குப் போட்டு 12.50-க்குக் கழற்றியிருந்தால் அது காலின் கையெழுத்து. மற்றது காற்றுக் கசிவு. ரெஸ்மெட் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று கொள்வார்கள். காலை உதறிப் புரளும்போது முகமூடி நகர்ந்து கசிவதும் உண்டு. இவை இரண்டும் சரியாக இருந்தும் சோர்வு போகாவிட்டால் தைராய்டு, பி12, மனச்சோர்வு, மாத்திரைகளின் மயக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

என்ன ரத்தப் பரிசோதனை?

உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. அது 13 இருந்தாலும் மூளைக்குப் போகும் இரும்பு குறைவாக இருக்கலாம். இந்த நோயின் அடிப்படைச் சிக்கல்களில் ஒன்று அதுவே.

காலையில் ரத்தம் கொடுங்கள். முந்தைய 24 மணி நேரம் இரும்பு மாத்திரையையும் இரும்புச்சத்து மிகுந்த உணவையும் தவிர்த்துவிடுங்கள். காய்ச்சலோ தொற்றோ இருக்கும் வாரத்தில் கொடுக்க வேண்டாம். ஃபெரிட்டின் அழற்சியில் பொய்யாக ஏறும்.

பலர் ஏமாறும் இடம் இதுதான். லேப் அறிக்கையில் ஃபெரிட்டின் 28 என்றிருக்கும், பக்கத்தில் 'இயல்பு' என்றும் அச்சாகியிருக்கும். அந்த இயல்பு ரத்தசோகைக்கான இயல்பு. கால் குடைச்சலுக்கு மில்லி லிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ இரும்பு கொடுக்க வேண்டும். 75-க்கும் 100-க்கும் நடுவே இருந்தால் மாத்திரை பெரிதாக ஏற்றாது. நரம்பு வழியாக ஏற்றுவதைத்தான் யோசிப்பார்கள். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவர்கள், அடிக்கடி ரத்ததானம் செய்கிறவர்கள், சைவ உணவோடு வேளாவேளைக்கு டீயும் குடிக்கிறவர்கள் ஆகியோரின் எண் பெரும்பாலும் கீழேதான் நிற்கும்.

இரும்பு மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

வெறும் வயிற்றில், ஒரு வேளை, எலுமிச்சைச் சாற்றோடோ 100 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையோடோ. இங்கே பரவலாகக் கிடைப்பது 100 மில்லிகிராம் இரும்புள்ள ஃபெரஸ் ஆஸ்கார்பேட். ஃபெரஸ் சல்ஃபேட்டும் அதே வேலையைச் செய்யும். தினமும் தாங்காதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் வயிற்றுத் தொந்தரவு குறையும், உறிஞ்சுதலும் மோசமாகாது. நாளுக்கு மூன்று வேளை என்பது பழைய பழக்கம். ஒரு மாத்திரை போனதும் உடல் அடுத்ததற்குக் கதவை அடைத்துவிடுகிறது.

டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றை இரண்டு மணி நேரம் தள்ளிவையுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்றவற்றைத் தினமும் எடுப்பவர்களுக்கு இரும்பு சரியாக ஏறாது; அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மலம் கருப்பாகப் போவது இயல்பு. மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பாருங்கள். இரண்டு வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்துவது வீண்.

நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு?

ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ், மொத்தம் 1000 மில்லிகிராம், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றி, பிறகு அரை மணி நேரம் கண்காணிப்பார்கள். ஒவ்வாமையைச் சமாளிக்க வசதியுள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். பலன் மறுநாள் தெரியாது. நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். ரத்தத்தில் பாஸ்பேட் இறங்குவது இதன் தனிப்பட்ட பக்கவிளைவு, அதனால் உடல் அசதியும் எலும்பு வலியும் வந்தால் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபெரின் செறிவு 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இரும்பு வேண்டாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் இதை ஏற்றுவதில்லை.

மூச்சுத்தடை உள்ளவருக்கு இரும்பைவிட நல்ல முதல் மருந்து இல்லை என்பது எங்கள் கருத்து. தூக்க மயக்கம் தராது, எடை கூட்டாது, தொண்டைத் தசையைத் தளர்த்தாது.

இரும்பு சரியாகியும் குடைச்சல் நிற்கவில்லை. அடுத்து?

கபாபென்டின் அல்லது பிரிகாபலின். 2025 வழிகாட்டுதலில் உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளில் இவை இரண்டும் உண்டு. கபாபென்டினை 300 மில்லிகிராமில் தொடங்குவார்கள், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 100-இல். பலருக்கு 900 முதல் 1800 வரை தேவைப்படும். ஒரே நேரத்தில் அளவு கூடக் கூட, குடல் உறிஞ்சும் விகிதம் குறைந்துகொண்டே போகும். ஆகவே 600-க்கு மேல் போனால் மாலையில் பாதி, படுக்குமுன் பாதி என்று பிரிப்பது நல்லது. பிரிகாபலின் 75-இல் தொடங்கும், முதியவர்களுக்கு 50. வழக்கமாக 150 முதல் 450 வரை. சிறுநீரகம் பழுதுள்ளவர்களுக்கு இரண்டுமே உடலில் தேங்கும். கிரியாட்டினின் பார்த்துத்தான் அளவு.

நேரம்தான் பாதி வைத்தியம். குடைச்சல் வந்த பின் போட்டால் அது மாத்திரையை முந்திவிட்டது என்று அர்த்தம். வழக்கமாக ஆரம்பிக்கும் நேரத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பே போடுங்கள். வயிற்று எரிச்சலுக்கு மெக்னீசியம், அலுமினியம் உள்ள ஜெல் குடித்திருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துக் கபாபென்டின்.

அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் பிரிகாபலினையும் நார்ட்ரிப்டிலினையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பது சர்வ சாதாரணம். நரம்பு வலிக்கு அது பொருந்தலாம். ஆனால் நார்ட்ரிப்டிலின் வகை மருந்துகள் கால் குடைச்சலைக் கிளப்பக்கூடியவை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் மாத்திரை அது.

இவை மூச்சுத்தடையை மோசமாக்காதா?

இரண்டு வழிகளில் மோசமாக்கக்கூடும். முதலாவது மூச்சு மந்தமாவது. ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து), தூக்கமாத்திரை, மது ஆகியவற்றோடு சேரும்போதும், சிஓபிடி போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்களிடமும், முதியவர்களிடமும் ஆபத்து கூடுதல். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரில் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. மருந்தைத் தொடங்கிய இரவிலிருந்து முகமூடி இல்லாமல் தூங்காதீர்கள், பகல் தூக்கத்துக்கும் அதே விதி.

இரண்டாவது மெதுவானது, அதனாலேயே கவனத்துக்கு வராதது: எடை. பிரிகாபலினில் சில மாதங்களில் பல கிலோ ஏறுபவர்கள் உண்டு. கழுத்தில் கொழுப்பு கூடினால் பழைய அழுத்தம் போதாமல் போகும். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள். எடையோடு ஏஹெச்ஐ-யும் ஏறி 5-ஐத் தாண்டினால், அழுத்தத்தை மாற்றுவதா, மருந்தை மாற்றுவதா என்று கேட்கும் நேரம் அது. காலில் வீக்கம், தலைசுற்றல், மனம் சோர்ந்து வாழப் பிடிக்காத எண்ணம் ஆகியவையும் இந்த மருந்துகளின் பக்கவிளைவுகள். கடைசியது வந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பிராமிபெக்ஸோல் பல வருடமாகச் சாப்பிடுகிறேன். ஆரம்பத்தில் அமிர்தமாக இருந்தது. இப்போது மதியமே குடைகிறது.

மருந்தே நோயை வளர்க்கத் தொடங்கியிருக்கலாம். பிராமிபெக்ஸோல், ரோபினிரோல், ரோட்டிகோடின், லெவோடோபா எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. இரவு 9 மணிக்கு வந்தது மாலை 5-க்கு வரும், உட்கார்ந்த ஐந்தாம் நிமிடமே தொடங்கும், கைக்கும் பரவும். அளவைக் கூட்டினால் சில வாரம் அடங்கி, பிறகு முன்னைவிட மோசமாகும். அங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். இதனால்தான் ஒரு காலத்தில் முதல் மருந்தாக இருந்தவை இப்போது வழக்கமான தேர்வாக வேண்டாம் என்று தள்ளப்பட்டிருக்கின்றன.

ஆனால் நாளையே நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் பல இரவுகள் ஒரு பொட்டுத் தூக்கம் இருக்காது, பதற்றமும் மனச்சோர்வும் சேரும். வழக்கமான வழி: ஃபெரிட்டினைச் சரிசெய்து, கபாபென்டின் வகையைத் தொடங்கி நிலைப்படுத்திய பிறகு, பழைய மருந்தைப் படிப்படியாக இறக்குவது. கடைசிப் படிதான் கடினம். அந்த வாரத்தில் வண்டி ஓட்டும் வேலையோ, கல்யாண வேலையோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மருந்துகளில் சிலருக்குச் சூதாட்டம், கட்டுப்பாடற்ற செலவு, அளவுமீறிய காம இச்சை தலைதூக்கும். ஆன்லைன் ரம்மியில் திடீரெனப் பணம் போகிறதென்றால் அதைக் குணக்கேடு என்று மட்டும் பார்க்காதீர்கள். முன்னறிவிப்பின்றிப் பகலில் தூக்கம் அமுக்குவதும் இவற்றின் பக்கவிளைவே; அதை "மெஷின் வேலை செய்யவில்லை" என்று தவறாக எண்ணி அழுத்தத்தை ஏற்றிவிட வாய்ப்புண்டு.

குளோனசெபாம் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறதே?

தூக்கம் வரும். கால் வெட்டு அப்படியே நடந்துகொண்டிருக்கும், நீங்கள் எழமாட்டீர்கள், அவ்வளவுதான். தொண்டைத் தசை தளரும். மூச்சடைத்தால் விழித்துக்கொள்ளும் அனிச்சையும் மழுங்கும். முகமூடி நள்ளிரவில் கழன்றால் பாதுகாப்பு எதுவும் மிஞ்சாது. முதியவர்கள் கழிப்பறைக்குப் போகும்போது விழுவதும் இதனால்தான். 2025 வழிகாட்டுதலும் இதைக் கால் குடைச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பல மாதம் சாப்பிட்டவர்கள் நீங்களாகவே நிறுத்தக் கூடாது, வலிப்பு வரக்கூடும்.

ஓபியாய்டு மருந்துகள்?

வேறெதுவும் கேட்காத கடும் நோய்க்குக் குறைந்த அளவில், தேர்ந்த நிபுணரின் கையில். மூளையே மூச்சுவிடச் சொல்ல மறக்கும் மைய மூச்சுநிறுத்தத்தை இவை உண்டாக்கும், சாதாரண சிபாப் அழுத்தம் அதைத் தடுக்காது. தொடங்கினால் மெஷின் அறிக்கையில் மைய நிகழ்வுகளைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். டிராமடாலை இலேசான மருந்து என்று நினைக்க வேண்டாம். குடைச்சலை முன்கூட்டியே வரவழைக்கும் குணம் அதற்கும் உண்டு.

சிபாப் போட்டதிலிருந்து மூக்கடைப்பு. அவில் போட்டுப் படுக்கிறேன். பரவாயில்லையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். மெஷின் காற்று மூக்கை உலர்த்தும், மூக்கு அடைக்கும், சளி மாத்திரை போடுவீர்கள், அன்றிரவு கால் பிய்த்தெடுக்கும், முகமூடியைக் கழற்றுவீர்கள். பழி மெஷின் மேல் விழும். உண்மைக் குற்றவாளி மாத்திரை. அவில் என்கிற பெனிரமின், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின், இருமல் சிரப்பில் இருக்கும் டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் ஆகிய தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்துகள் எல்லாமே குடைச்சலை ஏற்றும். ஒவ்வாமைக்கு மாத்திரை வேண்டியே ஆகவேண்டுமென்றால் மூளைக்குள் அதிகம் நுழையாத ஃபெக்ஸோஃபெனடின் மேல்.

மூக்குக்குச் செய்ய வேண்டியது வேறு. மெஷினின் சூடான ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, அளவை ஒன்று ஒன்றாகக் கூட்டுங்கள். ஏசி அறையில் குழாயில் நீர் துளிர்த்தால் குழாய்க்கு உறை போடுங்கள், அல்லது சூடாகும் குழாய்க்கு மாறுங்கள். படுக்குமுன் உப்புநீர் ஸ்பிரே. போதாவிட்டால் மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்தை மூன்று நாளைத் தாண்டி விடாதீர்கள். அப்புறம் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

வேறெந்த மருந்துகள் காலைக் கிளறும்?

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான புரோகுளோர்பெரசின், மனநல மருந்துகளில் பல. எஸ்சிடாலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள், அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் ஆகியவையும் சிலருக்குக் கிளறும். மனநல மருந்தைக் காலுக்காக நிறுத்திவிடாதீர்கள். எழுதித்தந்த மருத்துவரிடம் சொன்னால் மாற்று யோசிப்பார். மனச்சோர்வு மருந்துகளில் புப்ரோபியான் காலைக் கிளறுவது அரிது. மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். மது இரண்டு நோய்களையும் ஒரே நேரத்தில் மோசமாக்கும்.

முகமூடி போட்டுப் படுத்தபின் குடைச்சல் வந்தால்?

படுத்தபடி போராடாதீர்கள். பல முகமூடிகளில் குழாயைத் தனியே கழற்றும் விரைவு இணைப்பு உண்டு. தலைப்பட்டையைத் தொடாமல் அதை மட்டும் கழற்றி எழுந்து நடங்கள். கெண்டையை நீட்டி மடக்குங்கள், வெந்நீரோ குளிர்ந்த நீரோ காலில் ஊற்றுங்கள், எது கேட்கிறதோ அது. அடங்கியதும் குழாயை மாட்டி, அழுத்தம் மெதுவாக ஏறும் வசதியை மறுபடி போட்டுப் படுங்கள். கண் சொக்கும் வரை முகமூடி போடாமல் வெளியே உட்கார்ந்திருப்பது தவறில்லை. முகமூடியில்லாமல் அப்படியே தூங்கிப்போவதுதான் தவறு.

9 மணிக்குக் குடையத் தொடங்கி 10.30-க்குப் படுப்பவருக்கு: 7 மணிக்குள் சாப்பாடு, 7.30-க்குக் கபாபென்டின், அதன்பின் அரை மணி நேர நடை, தொலைக்காட்சி பார்ப்பதைவிடக் கையும் மூளையும் ஈடுபடும் வேலை ஏதாவது. குறுக்கெழுத்து, பூத்தொடுப்பது, எதுவானாலும் சரி. மனம் ஊன்றியிருக்கும்போது குடைச்சல் குறைவாகத் தெரியும்.

நுரையீரல் மருத்துவர் மெஷின் தந்தார், நரம்பியல் மருத்துவர் மாத்திரை தந்தார். யாரிடம் எதைச் சொல்வது?

இருவரிடமும் எல்லாவற்றையும். மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்கள், கடையில் கேட்டு வாங்கியவையும் சேர்த்து. மெஷினின் கடந்த 30 நாள் அறிக்கை, ஃபெரிட்டின் முடிவு தேதியோடு, இரண்டு வாரக் குறிப்பு: குடைச்சல் தொடங்கிய மணி, மாத்திரை போட்ட மணி, முகமூடி போட்டதும் கழற்றியதுமான மணி. இந்தக் குறிப்பேடு இருந்தால் பத்து நிமிட ஆலோசனையில் அரை மணி நேர வேலை நடக்கும்.

அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேரப்போகிறேன்.

சேர்வதற்கு முன்பே மயக்க மருத்துவரிடம் இரண்டு நோய்களையும் சொல்லிவிடுங்கள். சிபாப் மெஷினையும் உங்கள் முகமூடியையும் எடுத்துப்போங்கள். மயக்கம் தெளிந்த முதல் மணி நேரங்களிலேயே அது தேவைப்படும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடும் புரோமெத்தசினும் வேண்டாம், ஆன்டான்செட்ரான் பரவாயில்லை என்று ஒரு தாளில் எழுதி கேஸ் ஷீட்டோடு இணைக்கச் சொல்லுங்கள். கபாபென்டினை மாலையில் கொடுக்க மறந்தால் அன்றிரவு தையலோடு எழுந்து நடக்க முடியாமல் தவிப்பீர்கள். வலிக்கு ஓபியாய்டு ஊசி போடுகிறார்கள் என்றால் கபாபென்டினைக் குறைப்பதா என்று மயக்க மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். அன்றிரவு விரலில் ஆக்ஸிஜன் மானி மாட்டியிருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.